சின்னத் திரையில் எங்கள் வீடு எங்கே?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கீழ்பென்னாத்தூர் வெகு தூரமில்லை. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் திரும்பித் திரும்பிப் பார்க்கலாம். அண்ணாமலை மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே வரும். சாலைக்கு இருபுறமும் நெல்லும் கரும்பும், இந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் மாறி மாறி வரும். மலை ஒரு நீல நிழலாகத் தேயும் நேரத்தில் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார்.

நான் போனது பாரதக் கூத்துப் பார்க்க. பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. விடிய விடிய நடக்கும். நண்பர் வீட்டுக்கு மாலை ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"கூத்து ஆரம்பிக்கப் பத்து மணிக்கு மேல் ஆகும், சார். அதுவரைக்கும் எங்கள் வீட்டுக் கூத்தைப் பாருங்கள்" என்று சொல்லி நண்பர் டெலிவிஷன் பெட்டியைக் காட்டினார்.

கூடத்தில் நல்ல கூட்டம். பாய் விரித்து நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் நண்பரின் தாயார். பக்கத்தில் மருமகள், கையில் முருங்கைக் கீரைக் கட்டு. சுவரோரம் அடுத்த வீட்டுப் பாயம்மா. தொடர் பார்ப்பதற்காக நாள் தவறாமல் வருகிறவர். வாசற்படி ஓரமாக, உள்ளே வருவதா வேண்டாமா என்ற தயக்கத்தோடு, பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண். நண்பர் மகளின் பள்ளித் தோழி. ஊர்க் கோடியில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து நோட்டுப் புத்தகம் வாங்க வந்தவள், தொடர் ஆரம்பித்ததும் நின்றுவிட்டாள்.

திரையில் ஒரு பெரிய வீடு. நடுவே மாடிப்படி. பட்டுப் புடவை கட்டிய மாமியார், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் மருமகள், அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்கும் வேலைக்காரி. வேலைக்காரிக்கு வசனம் இரண்டே வார்த்தை: "இதோ வந்துட்டேம்மா."

விளம்பர இடைவேளை வந்தது. பாயம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"தம்பி, பேப்பர்காரர்னு சொன்னாங்க. ஒண்ணு கேக்கறேன். முப்பது வருஷமா தொடர் பாக்கறேன். இவங்க வீட்டுக் கல்யாணம், வளைகாப்பு, கருமாதி எல்லாத்துக்கும் நான் போயிட்டேன். இவங்க ஒரு நாளாவது எங்க வீட்டு மாதிரி ஒரு வீட்டுக்கு வந்தாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வித்து.

பெட்டி வந்த கதை

இந்தப் பெட்டி கிராமத்துக்கு வந்த வரலாறு நீண்டதல்ல. டெல்லியில் 1959 செப்டம்பரில் சோதனையாக ஆரம்பமான தொலைக்காட்சி, சென்னைக்கு வந்து சேரப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. 1975-இல் சென்னை நிலையம் துவங்கியபோது ஒரு தெருவில் ஒரு பெட்டி இருந்தால் அது பெரிய தெரு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பெட்டி உள்ள வீட்டு ஜன்னலில் தொங்கியவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

1984-இல் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கஷ்ட நஷ்டங்கள்தான் கதை. 1987-இல் 'ராமாயணம்', 1988-இல் 'மகாபாரதம்'. பாஷை புரியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டுத் தெருக்கள் காலியாயின. 1993 ஏப்ரல் 14-ந் தேதி சன் டி.வி. துவங்கியது. அதற்குப் பிறகு 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று தொடர்கள் வரிசையாக வந்து மாலை நேரத்தைப் பட்டா போட்டுக்கொண்டன.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவசக் கலர் டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே பெட்டி, ஒரே தொடர், ஒரே நேரம். பார்ப்பவர் வரிசையில் எல்லாருக்கும் சம இடம் கிடைத்துவிட்டது. பார்க்கப்படுபவர் வரிசையில்?

கணக்குப் பார்ப்போம்

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டின் மக்கள் 7 கோடியே 21 லட்சம். அதில் நூற்றுக்கு 20 பேர் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6-க்குச் சற்று மேல், முஸ்லிம்கள் 6-க்குச் சற்றுக் குறைவு. பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர். உடல் ஊனமுற்றவர்கள் 11 லட்சத்துக்கு மேல்.

இப்போது ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் நாற்பது ஐம்பது கதாபாத்திரங்களையும் மனத்தில் வரிசையாக நிறுத்துங்கள். அந்த வரிசையில் நம் ஜில்லா தெரிகிறதா? ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் இருக்கிறார்களா? பாயம்மாவின் வீடு இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம் இருக்கிறதா?

இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கதாநாயகனின் முஸ்லிம் நண்பர் ஒருவர் வருவார். நல்லவர். ரத்தம் கொடுப்பார், பிரியாணி கொடுப்பார், போய்விடுவார். அவருக்கு மனைவி உண்டா, மகளுக்கு வரன் அமைந்ததா, வீட்டு வாடகை கட்டினாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் ஒரு கிறிஸ்தவ நர்ஸ் வருவார். கழுத்தில் சிலுவை, வாயில் "கர்த்தர் காப்பாற்றுவார்." அவரும் அத்துடன் சரி. சக்கர நாற்காலி வந்தால் ஒன்று பரிதாபத்துக்கு வரும். இல்லாவிட்டால் வில்லிக்குக் கிடைத்த தண்டனையாக வரும். ஊனம் ஒரு பாவத்தின் சம்பளம் என்று இதைவிடத் தெளிவாகக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தாழ்த்தப்பட்ட குடும்பத்தின் கதை இன்னும் அபூர்வம். ஜாதிப் பெயரே தொடர்களில் உச்சரிக்கப்படுவதில்லை. 'நம்ம வம்சம்', 'நம்ம கௌரவம்', 'நம்ம அந்தஸ்து' என்ற சொற்கள் மட்டும் ஓயாமல் ஒலிக்கும். எந்த வம்சம் என்று கேட்க வேண்டியதில்லை, கேட்காமலே புரிந்துவிடும்.

ஏன் இப்படி?

தொடர் எடுப்பவர்கள் எல்லாரும் கெட்ட மனசுக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அது ஒரு வியாபாரம். அதற்கென்று ஒரு யந்திரம் உண்டு.

தினம் ஒரு அரை மணி நேரக் கதை தயாராக வேண்டும். ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்தால் செலவு மிச்சம். ஆகவே கதை முழுவதும் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. விளம்பரம் தருகிற கம்பெனிகள் நகையும் புடவையும் சோப்பும் விற்கின்றன. ஆகவே திரையிலும் நகையும் புடவையும் வேண்டும், குடிசை எடுபடாது. எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சில ஆயிரம் வீடுகளில் பொருத்திய மீட்டர்கள் மூலம் கணித்து வாரந்தோறும் எண் வெளியாகிறது. எண் குறைந்தால் தொடருக்கு ஆயுள் குறைவு. ஆகவே போன வாரம் எது ஓடியதோ அதையே இந்த வாரமும் செய்வது பத்திரம். ஒரு முஸ்லிம் குடும்பத்தையோ தாழ்த்தப்பட்ட குடும்பத்தையோ நடுவில் வைத்துக் கதை சொன்னால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. தப்பாகக் காட்டி வம்பை விலைக்கு வாங்குவானேன், காட்டாமலே இருந்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது.

இந்த நியாயங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தூர்தர்ஷன் 1988-இல் 'தமஸ்' என்ற தொடரை ஒளிபரப்பியது. பீஷ்ம சாஹ்னியின் நாவலை கோவிந்த் நிஹலானி எடுத்தார். தேசப் பிரிவினைக் கலவரம்தான் விஷயம். கதையின் தொடக்கத்தில் வருபவன் தோல் பதனிடும் சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஏழை. அவனும் அவன் மனைவியும், ஹிந்து முஸ்லிம் சீக்கியர் எல்லாரும் ரத்தமும் சதையுமாக அதில் இருந்தார்கள். எதிர்ப்பு வந்தது, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது, தடை செய்ய முடியாது என்று தீர்ப்பாயிற்று. நாற்பது வருஷத்துக்கு முன்னே செய்ய முடிந்ததை இப்போது ஏன் செய்ய முடியாது?

கறுப்பு ஒரு கஷ்டமா?

நிறத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். நம் ஊரில் கறுப்பு நிறத்தவர் சிறுபான்மை அல்ல, அவர்கள்தான் பெரும்பான்மை. ஆனாலும் திரையில் அவர்கள் சிறுபான்மை! இது ஒரு வேடிக்கை.

2014-இல் மலையாளத்தில் 'கறுத்தமுத்து' என்ற தொடர் வந்தது. கறுப்பாகப் பிறந்த ஒரு பெண்தான் கதாநாயகி. அது வெற்றி பெற்றதும் தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று ஒவ்வொரு பாஷைக்கும் போயிற்று. தமிழில் 2019-இல் 'பாரதி கண்ணம்மா' என்ற பெயரில் விஜய் டி.வி.யில் வந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பாட்டி அதை ஒரு நாள் விடாமல் பார்த்தவர். "நம்ம நெறத்துல ஒருத்தி நடுவுல நின்னாளே!" என்று இன்னமும் சொல்கிறார்.

அது பெரிய காரியம்தான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுப்பாக இருப்பதே அங்கே கதையின் முடிச்சு. அதுதான் அவளுக்கு வந்த கஷ்டம். கறுப்பாக இருந்து, அதைப் பற்றி யாரும் பேசாமல், டாக்டராகவோ வக்கீலாகவோ பஞ்சாயத்துத் தலைவியாகவோ சாதாரணமாக வந்துபோகும் பெண்ணை நாம் இன்னும் பார்க்கவில்லை. ஒருத்தியின் நிறம் கதையாகாமல் போகும் நாள்தான் உண்மையில் அவள் திரைக்குள் வந்த நாள்.

நமக்கு வலித்தபோது

மற்றவர்கள் நம்மைக் காட்டும்போது நமக்கு எப்படி இருக்கிறது? அதை வைத்து மற்றவர் வலியை அளந்து பார்க்கலாம்.

1977-இல் இங்கிலாந்தில் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற வேடிக்கைத் தொடர் வந்தது. அதில் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வரும் இந்தியர்களும் பாகிஸ்தானியரும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள். நாமே அதைப் பார்த்துச் சிரித்தோம். அமெரிக்காவில் 'சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரில் 1990 முதல் ஆப்பு என்ற இந்தியக் கடைக்காரர் வந்தார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்ற வெள்ளைக்கார நடிகர். அங்கே வளர்ந்த இந்தியக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே கேலி செய்தார்கள். 2017-இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் இதையே விஷயமாக வைத்து ஒரு டாக்குமெண்டரிப் படம் எடுத்தார். 2020-இல் அசேரியா இனி அந்தக் குரலைக் கொடுப்பதில்லை என்று விலகிக்கொண்டார்.

வெகு தூரம் போவானேன்? 2021-இல் 'ஃபேமிலி மேன்' இந்தித் தொடரின் இரண்டாம் பாகம் வந்தது. சமந்தா ஈழத்துப் போராளியாக நடித்தார். முன்னோட்டம் வெளியானதுமே தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. தமிழரைப் பயங்கரவாதிகளாகச் சித்திரிக்கிறார்கள் என்று தலைவர்கள் கண்டித்தார்கள். அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதித் தொடரைத் தடுக்கக் கோரினார். நடிகையின் முகத்துக்குக் கறுப்புப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள் என்பதும் பெரிய பேச்சாயிற்று. ஆனாலும் ஜூன் 4-ந் தேதி தொடர் வெளிவந்தது.

தடை கேட்டது சரியா என்பது வேறு விவாதம். ஆனால் அன்று நம் மனத்தில் எழுந்த எரிச்சல் உண்மையானது. "எங்களைப் பற்றிச் சொல்ல இவர்கள் யார்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று கேட்டோம். அதே கேள்வியைத்தான் பாயம்மா சிரித்துக்கொண்டு கேட்கிறார். நம் கேள்வி தலைப்புச் செய்தி ஆயிற்று. அவர் கேள்வி விளம்பர இடைவேளையோடு முடிந்துவிட்டது.

இனிப்பான உதாரணமும் உண்டு. 2020-இல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற அமெரிக்கத் தொடர் வந்தது. கதாநாயகி தேவி, கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். நடித்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன்; கனடாவில் பிறந்த ஈழத்தமிழர் மகள். பகிரங்கமாக அழைப்பு விட்டு, வந்த ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். தேவி நல்லவள் மட்டுமல்ல. கோபக்காரி, பொய் சொல்வாள், தப்புச் செய்வாள், தகப்பனை நினைத்து அழுவாள். அதுதான் விசேஷம். நல்லவளாகவே இருந்து தீர வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. நம் தொடர்களில் வரும் அந்த முஸ்லிம் நண்பருக்கு இந்தச் சலுகை எப்போது கிடைக்கும்?

ஒரு நடிகையும் ஒரு விண்வெளி வீராங்கனையும்

"பொழுது போக்குக்குப் பார்க்கிறோம். இதில் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக ஒரு கதை.

1966-இல் அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் துவங்கியது. நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பின நடிகைக்குக் கப்பலில் அதிகாரி வேஷம். ஓராண்டு ஆனதும் விலகிவிட நினைத்தார். அப்போது ஒரு விழாவில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். விலகக் கூடாது என்று கிங் அவரைத் தடுத்தார். எங்கள் ஜனங்கள் வேலைக்காரியாக அல்லாமல் சமமாக நிற்பதை நாடு முதல் தடவையாகப் பார்க்கிறது என்பது அவர் சொன்ன காரணம். நிக்கல்ஸே இதைப் பிற்காலத்தில் பல மேடைகளில் விவரித்திருக்கிறார்.

அந்தத் தொடரைச் சிறு வயதில் பார்த்த ஒரு பெண் மே ஜெமிசன். 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி அவர்தான். திரையில் கண்ட அந்த அதிகாரி தமக்கு ஊக்கம் தந்ததாக அவரே கூறியிருக்கிறார். குழந்தை தான் கண்டதைத்தான் கனவு காண்கிறது.

செய்தியில் உண்டு, கதையில் இல்லை

நம் ஜில்லாவுக்கே திரும்புவோம். 2015 ஏப்ரல் 7-ந் தேதி திருப்பதிக்குப் பக்கத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை ஜில்லாக்காரர்கள். அன்று எல்லா டெலிவிஷன்களிலும் நம் மலைக் கிராமங்கள் தெரிந்தன. 2023 ஜனவரி 30-ந் தேதி தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன் முறையாக அதிகாரிகள் துணையோடு நுழைந்து பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். அன்றும் கேமராக்கள் வந்தன.

ஏழரை மணிச் செய்தியில் அவர்கள் வந்தார்கள். எட்டு மணித் தொடரில் வரவில்லை. செய்தியில் ஒருவன் செத்தால் வருகிறான், தடுக்கப்பட்டால் வருகிறான், அழுதால் வருகிறான். அவன் சிரிப்பதும், காதலிப்பதும், மச்சினனோடு சண்டை போடுவதும், பிள்ளைக்குப் பீஸ் கட்டுவதும் கதையில்தான் வர முடியும். அந்தக் கதை இல்லாதபோது அண்டை வீட்டுக்காரனைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவனுடைய கஷ்டம் மட்டுமே. கஷ்டத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இரக்கம் வரலாம், உறவு வராது.

விடியலின் கீற்றுகள்

எல்லாம் இருட்டு என்று சொல்ல மாட்டேன். 2008-இல் விஜய் டி.வி.யில் 'இப்படிக்கு ரோஸ்' என்ற நிகழ்ச்சி வந்தது. நடத்தியவர் ரோஸ் வெங்கடேசன் என்ற திருநங்கை. அதே ஆண்டில்தான் திருநங்கைகளுக்கென நல வாரியம் ஒன்றைத் தமிழ்நாடு அமைத்தது. 2014 ஆகஸ்ட் 15-ந் தேதி கோவையின் லோட்டஸ் செய்தி டெலிவிஷனில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். திருநங்கை என்றாலே கேலிப் பாட்டும் கைதட்டலும்தான் என்றிருந்த திரையில், கேள்வி கேட்பவராகவும் செய்தி சொல்பவராகவும் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

சினிமா வேகமாக மாறியிருக்கிறது. பா. ரஞ்சித், மாரி செல்வராஜ் போன்றவர்கள் தங்கள் ஜனங்களைத் தாங்களே எழுதினார்கள். 2018-இல் 'பரியேறும் பெருமாள்' வந்தது. 2021-இல் வந்த 'ஜெய்பீம்' ஒரு இருளர் குடும்பத்தை நடுவில் நிறுத்தியது. 1993-இல் விருத்தாசலம் பக்கத்தில் நடந்த உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தார். படத்தில் இருளர் என்று மாற்றினார்கள். அதுபற்றியும் விவாதம் நடந்தது. நடக்கட்டும்! விவாதம் நடந்தாலே அவர்கள் கண்ணில் பட்டுவிட்டார்கள் என்று பொருள்.

2024 ஜூலை 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. நிபுன் மல்ஹோத்ரா என்ற மாற்றுத் திறனாளி தொடுத்த வழக்கு அது. ஊனத்தை இழிவுபடுத்தும் சொற்களைத் திரையில் தவிர்க்க வேண்டும். ஊனமுற்றோர் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவர்களைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு. அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் வழி காட்டினார்கள். கடைசியாகச் சொன்னதுதான் சாவி. வேலைக்காரியின் கதையை வேலைக்காரியிடம் கேட்டு எழுது. பாயம்மாவின் கதையைப் பாயம்மாவிடம் கேள்.

கட்டியக்காரனும் கதாநாயகியும்

மணி பத்தாயிற்று. கூத்து மைதானத்துக்குப் போனோம். மிருதங்கமும் முகவீணையும் முழங்கத் திரை பிடித்தார்கள். கட்டியக்காரன் முதலில் வந்தான். ராஜாவை வரவேற்க வேண்டியவன் ராஜாவையே கேலி செய்தான். உள்ளூர் வட்டிக் கடையையும், வராத பஸ்ஸையும், குடிதண்ணீர்க் குழாயையும் துரியோதனன் சபைக்குள் இழுத்துக்கொண்டு வந்தான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாரதக் கதைக்குள் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலின் பெயர் கட்டியக்காரன். மெகாத் தொடருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

அதற்காகக் கூத்தை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். திரௌபதி வேஷம் உள்பட எல்லாம் ஆண்களே கட்டுவதுதான் வழக்கமாக இருந்து வந்தது. ஆடும் களத்திலும் பார்க்கும் களத்திலும் யார் எங்கே நிற்கலாம் என்ற கோடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. ஆனால் பழைய கலையே மாறியிருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002-இல் குருகுலம் ஒன்றை ஆரம்பித்துப் பெண் குழந்தைகளுக்கும் கூத்துக் கற்றுக் கொடுத்தது. பெண்கள் மேடை ஏறினார்கள். அதனால் பாரதம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நூற்றாண்டுகள் கண்ட கூத்து மாற முடியுமானால், நேற்றுப் பிறந்த டெலிவிஷன் மாற முடியாதா?

அந்தப் பெண்ணின் வேஷம்

கூத்துக் கூட்டத்தில் அந்தப் பிளஸ் ஒன் மாணவியையும் பார்த்தேன். தாயாருடன் வந்திருந்தாள். நண்பர் மகள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"சார், ஸ்கூல் ஆண்டு விழாவுல ஒவ்வொரு வருஷமும் டிராமா போடுவோம். டி.வி. தொடர் மாதிரியே ஒரு குடும்பக் கதை. ஒவ்வொரு வருஷமும் இவதான் வேலைக்காரி."

"யார் அப்படிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார். நாங்களே பேசி வேஷம் பிரிப்போம். வேலைக்காரின்னதும் எல்லாரும் இவளைத்தான் பார்ப்பாங்க" என்றாள் நண்பர் மகள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் இந்தப் பெட்டியின் சாமர்த்தியம். ஒரு வார்த்தை சொல்லாமல், தினம் மாலை அரை அரை மணி நேரமாக, யாருக்கு எந்த வேஷம் என்று ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கற்றுக் கொடுத்துவிட்டது.

"உனக்கு எந்த வேஷம் வேண்டும், அம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. தாயார் முழங்கையால் இடித்தார். "சொல்லு, கேக்கறார் இல்ல?"

"ஆர்.டி.ஓ. வேஷம் சார்."

எனக்குப் புரியவில்லை. தாயார்தான் விளக்கினார். பழங்குடியினர் என்று ஜாதிச் சான்று கொடுக்கும் அதிகாரி அவர்தான். அந்தத் தாளுக்காகத் தாயும் மகளும் பலமுறை நடந்திருக்கிறார்கள். ஸ்காலர்ஷிப்புக்கும் மேற்படிப்புக்கும் அந்தத் தாள் இல்லாமல் முடியாது.

"ஆர்.டி.ஓ. ஆனா என்ன பண்ணுவே?" என்றாள் தோழி.

"வந்தவங்களை மொதல்ல உக்காரச் சொல்லுவேன்" என்றாள் அந்தப் பெண்.

களத்தில் திரௌபதி சபைக்கு வந்துவிட்டாள். நீதி கேட்கும் குரல் ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்டது. அந்தப் பெண் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு விழாவில் ஆர்.டி.ஓ. வேஷம் உள்ள ஒரு நாடகத்தை எழுதப்போவதாக நண்பர் மகள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதில் பாயம்மா மாதிரி ஒரு பாத்திரமும் உண்டாம். பாயம்மாவிடமே கேட்டு எழுதப்போகிறாளாம். கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூட மாணவிக்குத் தோன்றிவிட்டது. சென்னையில் தொடர் எழுதுகிறவர்களுக்கும் தோன்ற அதிக நாள் ஆகாது என்று நம்புவோம்.